மார்கழிக்குத் தொளதொள ஸ்வெட்டர்: எந்தக் காலத்து மாதிரி?

பழைய காலத்துப் பெரிய ஸ்வெட்டர் ஒன்றைக் கையால் பின்ன ஆசை. ஆனால் இருப்பதோ கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம். மார்கழி விடியலே ஏறக்குறைய 20 டிகிரிதான், தடித்த ஸ்வெட்டர் தாங்காது. அப்படியானால் எந்த மாதிரியை எடுப்பது?

அயர்லாந்தின் அரான் தீவுகளின் பெயரில் வரும் ஸ்வெட்டருக்கு, 1961-ல் கிளான்சி சகோதரர்கள் என்ற ஐரிஷ் நாட்டுப்புறப் பாடகர்கள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அதைப் போட்டுக்கொண்டு பாடிய பிறகு பெரிய மோகம் பிறந்தது. பார்க்க அழகுதான். ஆனால் கயிறுபோல் முறுக்கும் ஒவ்வொரு இடத்திலும் கண்ணிமேல் கண்ணி ஏறுவதால் துணி தடிக்கும், நூலும் கூடுதலாகச் செலவாகும். பருத்தி நூலில் பின்னலாமே என்றால், இழுபட்ட பிறகு கம்பளிபோல் பருத்தி பழைய அளவுக்குத் திரும்பாது. தன் எடையிலேயே தொங்கிவிடும். டெல்டாவுக்கு இது வேண்டாம்.

என் ஓட்டு 1980-களுக்கு. வௌவால் இறக்கைபோல் அக்குள் தாழ்ந்த கை, இடுப்பில் இறுக்கமான பட்டி, உடம்பெங்கும் வண்ணச் சித்திரம். அப்படிப் பின்னிய வடிவமைப்பாளர் கேஃப் ஃபாசெட்டின் பின்னல்களுக்கு 1988-ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் தனிக் கண்காட்சியே நடத்தியது. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது அந்த ஸ்வெட்டரின் உள்வேலை. சித்திரப் பின்னலில் (இன்டார்சியா) ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நூல் உருண்டை. பின்பக்கம் நூல் குறுக்கே ஓடாது. எத்தனை நிறம் வந்தாலும் துணி ஒற்றை அடுக்குதான். கோர்வைப் பட்டில் உடலும் கரையும் கோத்துக்கொள்வதுபோல, நிறம் மாறும் இடத்தில் இரு நூல்களையும் ஒன்றையொன்று சுற்றவிட வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை விழும். திருபுவனத்துப் பட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த நிறவிளையாட்டு தானாக வரும். கை அகலமாக இருப்பதால் ரவிக்கைமேல் சுருண்டு நிற்காது, காற்றும் புழங்கும். மணிக்கட்டில் பிடித்துக்கொள்வதால் கோலம் போடும்போது மாவில் தோயாது. மெல்லிய பருத்தி நூலில், வழக்கத்தைவிட ஓர் அளவு சிறிய ஊசியில் பின்னுங்கள். நீளத்தில் இரண்டு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். போடப் போட இறங்கிவிடும்.

1990-களின் தளர்ந்த கார்டிகனுக்கு, அதாவது முன்பக்கம் திறக்கும் ஸ்வெட்டருக்கு, முகம் கொடுத்தவர் அமெரிக்க ராக் பாடகர் கர்ட் கோபைன். 1993-ல் அவர் மேடையில் போட்டிருந்தது 2019 ஏலத்தில் 3,34,000 டாலருக்குப் போனது. ஆனால் அது ஆலையில் பின்னியது. கைப்பின்னல்காரருக்கு அதில் கற்க அதிகமில்லை. ஒரே ஒரு இடத்தில் அது ஜெயிக்கிறது: முன்பக்கம் பொத்தான். கையைத் தலைக்குமேல் தூக்க முடியாத பாட்டி விடியற்காலை பஜனைக்குப் போவதென்றால், இறக்கைக் கையை விட்டுவிட்டு இதையே பின்னிக் கொடுங்கள். பொத்தான் மட்டும் பெரியதாக இருக்கட்டும்.