பழைய பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர்கள் ட்யூனர் இல்லாமல் போகாதீர்கள்

எங்கள் பேஸ் வகுப்பில் சேர்ந்த கல்லூரி மாணவர் ஒருவர், ஆன்லைன் விளம்பரத்தைப் பார்த்து 18,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய நாலு கம்பி பேஸ் வாங்கிக்கொண்டு வந்தார். பாடியில் ஒரு கீறல் இல்லை. கம்பிகள் புதுசு. விற்றவர் வீட்டில் தொட்டுப் பார்த்தபோது கம்பி விரலுக்கு மெத்தென்று அமுங்கியிருக்கிறது. வகுப்பில் ட்யூனரை (சுருதி காட்டும் கருவி) மாட்டியதும் குட்டு வெளிப்பட்டது. ஈ சுரத்தில் நிற்க வேண்டிய தடித்த ஈ கம்பி, டி சுரத்தில் நின்றது. நாலு கம்பியையும் ஒரு முழு டோன் இறக்கிவைத்து விற்றிருக்கிறார்கள்.

சரியான சுருதிக்கு ஏற்றினோம். 17-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) ஈ கம்பி 4 மி.மீ.க்கு மேல் எழும்பிவிட்டது. அங்கே 2.5 முதல் 2.8 மி.மீ. இருந்தால் போதும். பாடியில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில், ஒவ்வொரு கம்பியும் உட்காரும் சாடில்களைத் தணிக்கலாம் என்றால் அவை ஏற்கெனவே அடியோடு உட்கார்ந்திருந்தன. ட்ரஸ் ராடை (கழுத்தை நிமிர்த்தும் இரும்புத் தண்டு) முறுக்கலாம் என்று ஆலன் கீயை (அறுகோணச் சாவி) விட்டால், கீ பிடிக்காமல் சுற்றியது. துளையின் ஆறு பட்டையும் தேய்ந்து வட்டமாகிக் கிடந்தது. அதை மறைக்கத்தான் சுருதியை இறக்கியிருக்கிறார்கள்.

34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) உள்ள பேஸில் சாதாரண 45–105 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்டால், நாலு கம்பியும் சேர்ந்து கழுத்தை முன்னால் இழுக்கும் விசை எழுபது எண்பது கிலோ எடை அளவுக்கு வரும். அதை எதிர்த்துப் பிடிப்பது கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட். ஒரு டோன் இறக்கினால் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். வளைந்த கழுத்தும் நிமிர்ந்ததுபோலத் தெரியும். மெல்லிய 40–95 செட் மாட்டிவிட்டால் இன்னும் வசதி. கம்பி புதிதாக இருக்கிறதே என்று வாங்குகிறவரும் சந்தோஷப்படுவார்.

ஆகவே விற்பவர் வீட்டுக்குப் போனதும் முதல் வேலை சுருதி. கீழ் ஈ-யின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ் மட்டுமே. போன் மைக்குக்கு அது சரியாக எட்டாது. கிளிப் ட்யூனர் கொண்டுபோங்கள். இல்லையென்றால் 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அமுக்காமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மோனிக் எடுத்துப் பாருங்கள், சுரம் ஒரு ஸ்தாயி மேலே கேட்கும். சுருதி கூட்டியதும் அவசரப்படாமல் கால் மணி நேரம் விடுங்கள், கழுத்து வளைவது அதற்குள் ஓரளவு தெரிந்துவிடும். அந்த நேரத்தில் பேசிக்கொண்டே சாடில்களின் உயரத்தைப் பார்த்துவிடலாம். இறங்க இடமே இல்லாமல் சாடில் அடியில் உட்கார்ந்திருந்தால் சந்தேகம் வரவேண்டும்.

பிறகு ரிலீஃப், அதாவது கழுத்தின் வளைவு. ஈ கம்பியை இடது கையால் முதல் ஃப்ரெட்டிலும், வலது கையால் கழுத்து பாடியோடு சேரும் இடத்திலும் அமுக்குங்கள். நடுவில் ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி 0.3, 0.35 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு. மூன்று கார்டு நுழைந்தால் கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. இடைவெளியே இல்லாமல் கம்பி ஃப்ரெட்டில் படுத்துக்கிடந்தால் பின்னால் வளைந்திருக்கிறது. வளைவு தன்னளவில் குற்றம் இல்லை; நம் ஊர் மழைக்காலத்துக்கும் ஏசி அறைக்கும் மாறி மாறிப் போகிற எந்தக் கழுத்தும் கொஞ்சம் அசையும். ராட் வேலை செய்கிறதா என்பதுதான் கேள்வி.

அதை விற்பவர் அனுமதியோடு அங்கேயே பார்த்துவிட வேண்டும். சரியான கீயை அவரிடமே கேளுங்கள். பல ஆசிய மாடல்களில் 4 அல்லது 5 மி.மீ., பல அமெரிக்க மாடல்களில் அங்குல அளவு. கிட்டத்தட்டப் பொருந்துகிற கீயைப் போட்டுத் திருகித்தான் பெரும்பாலான ராடுகள் பாழாகின்றன, அந்தத் தவறை நீங்கள் செய்துவிடாதீர்கள். முதலில் இடதுபக்கம் கால் சுற்று தளர்த்துங்கள், பிறகு பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் எதிர்ப்போடு நகர்ந்தால் நல்லது. அசையவே இல்லை என்றாலும், பிடிப்பில்லாமல் சுற்றினாலும், "அதையெல்லாம் தொடக்கூடாது" என்று விற்பவர் தடுத்தாலும் வாங்காமல் கிளம்பிவிடுங்கள்.

கழுத்து முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, பாடிப் பக்கம் கண்ணை வைத்துத் தலைப்பக்கம் நோக்குங்கள். முதல் ஃப்ரெட்டும் கடைசி ஃப்ரெட்டும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும். முறுக்கிய கழுத்தை ராட் நேராக்காது. அடுத்து ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் வாசியுங்கள், ஒன்றையும் விடாமல். பதினைந்துக்கு மேல் மட்டும் ஒலி அடைத்துக்கொண்டு நின்றால் கழுத்தின் கடைசிப் பகுதி மேடாகியிருக்கிறது. ஃப்ரெட்டுகளை ராவி மட்டம் பண்ண வேண்டிவரும், விலையில் அதைக் குறையுங்கள். ஆனால் ஜி கம்பியில் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் ஒரு சுரம் சீக்கிரம் அடங்கிப்போனால் விற்பவரைத் திட்டாதீர்கள். போல்ட் போட்ட மரக் கழுத்துள்ள நல்ல பேஸ்களிலும் அது உண்டு.

எலக்ட்ரானிக்ஸை ஆம்ப் இல்லாமலேயே சோதிக்கலாம். பேஸில் கேபிளைச் செருகி, வால்யூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வையுங்கள். பேஸிவ் (பாட்டரி இல்லாத) பிரெசிஷன் வகை என்றால் 10 கிலோ ஓம் பக்கம் காட்டும். இரண்டு பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக்கும் சுருள்) உள்ள ஜாஸ் வகையில் ஒன்றை மட்டும் திறந்தால் 7, 8 வரும். இரண்டையும் திறந்தால் அதில் பாதி. 250 கிலோ ஓம் பக்கம் காட்டினால் பிக்கப்பின் சுருள் அறுந்துவிட்டது, நீங்கள் அளப்பது வெறும் வால்யூம் பாட்டை, அதாவது குமிழுக்கு அடியில் உள்ள மின்தடையைத்தான். குமிழ் கரகரப்பதும் ஜாக் ஆடுவதும் சின்ன விஷயம். 250-கே பாட்டும் ஜாக்கும் சென்னை ரிச்சி தெருவில் சல்லிசாகக் கிடைக்கும், சால்டரிங் தெரிந்தவர் அரை மணியில் மாற்றிவிடுவார். ஆக்டிவ் பேஸில் (பாட்டரியில் ஓடும் சர்க்யூட் உள்ளது) இந்த மீட்டர் சோதனை பலிக்காது. அங்கே 9 வோல்ட் பாட்டரிப் பெட்டியைத் திறந்து, பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்த மாணவருக்கு இரண்டாவது அடி, சரிபண்ணக் கொடுத்த இடத்தில் விழுந்தது. "செட்டப்" என்று 2,500 ரூபாய் வாங்கியவர், ராட் வேலை செய்யாததைச் சொல்லவே இல்லை. கம்பியைத் தணிக்கத் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களை ஆழமாக அறுத்துவிட்டார். இப்போது விரல் வைக்காத திறந்த கம்பி நாலுமே முதல் ஃப்ரெட்டில் பட்டு அதிர்கின்றன. உயரமோ பத்தாவது ஃப்ரெட்டுக்கு மேல் அப்படியே இருக்கிறது. கோளாறு கழுத்தின் நடுவில் இருக்க, நட்டை அறுத்து என்ன பயன்?

செட்டப்புக்கு ஒரு வரிசை உண்டு: சுருதி, ரிலீஃப், சாடில் உயரம், நட், கடைசியில் இன்டொனேஷன் (எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது). ரிலீஃபை அளக்காமல் அரத்தை எடுக்கிறவரிடம் வாத்தியத்தைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போதே ரிலீஃப், 17-ஆவது ஃப்ரெட் உயரம் இரண்டையும் அளந்து சீட்டில் எழுதி, திரும்ப வாங்கும்போது அதே இடத்தில் அளந்து பாருங்கள். நட்டை நீங்களே சோதிக்கலாம்: இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டுக்கு நடுவில் கம்பியை அமுக்கினால், முதல் ஃப்ரெட்டுக்கு மேல் மெல்லிய காகிதம் அளவு இடைவெளி மிஞ்ச வேண்டும். அடியோடு ஒட்டிக்கொண்டால் பள்ளம் அதிகம்.

ராட் போன பேஸைச் சீர்செய்வதும் எளிதல்ல. ராடை மாற்றப் பெரும்பாலும் ஃபிங்கர்போர்டை (ஃப்ரெட் பதித்த மேல் பலகை) கழற்ற வேண்டும், கூலி வாத்தியத்தின் விலையைத் தொட்டுவிடும். போல்ட் போட்ட கழுத்து என்றால் வேறு கழுத்து வாங்கி மாட்டுவதே மேல். பிரெசிஷன், ஜாஸ் வகைகளில் அடிப்பக்க அகலம் பெரும்பாலும் 63 மி.மீ. சொச்சம், ஆனாலும் உங்கள் பாடியின் குழியை அளந்த பிறகே ஆர்டர் கொடுங்கள். ஸ்கேல் ஒத்துப்போகவில்லை என்றால் இன்டொனேஷன் நிற்காது.

நேரில் பார்க்க முடியாத விற்பனை இதைவிட மோசம். ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, பேஸைப் பாதி விலைக்குத் தருகிறேன், கூரியர் செலவை மட்டும் முதலில் அனுப்புங்கள் என்பார்கள். அடையாள அட்டைப் படமும் வரும். அட்டை வேறு யாருடையதோ. இதே கதையோடு வகுப்பு எடுப்பவர்களிடமும் வருகிறார்கள்: மகளுக்கு கிட்டார் சொல்லிக்கொடுங்கள், மூன்று மாதக் கட்டணம் மொத்தமாகத் தருகிறேன், ராணுவக் கணக்கு என்பதால் முதலில் ஒரு ரூபாய் அனுப்புங்கள் என்று தொடங்கும். ஒன்று அனுப்பினால் இரண்டாகத் திரும்பி வரும், நம்பிக்கை பிறக்கும். அடுத்து ஒரு க்யூஆர் கோடு வரும், ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) நம்பர் போட்டால் கட்டணம் வந்துவிடும் என்பார்கள். யுபிஐயில் ஸ்கேன் செய்ததும் பின் நம்பர் கேட்கிறது என்றால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகிறது. பணம் வாங்கப் பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை.

பணம் போய்விட்டது என்றால் அடுத்த நிமிடமே 1930-க்கு (சைபர் மோசடி உதவி எண்) அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எதிராளியின் யுபிஐ முகவரி நான்கும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகாரைப் பதியும்போது அதன் ஸ்க்ரீன்ஷாட்டுகளை இணைக்க வேண்டும்.