வான்கோழியை அழைக்க: மரப்பெட்டியா, ஸ்லேட் தட்டா, வாய்க்கருவியா?

நான்கு வசந்தப் பருவங்கள் அமெரிக்காவில் மிசௌரியின் ஓசார்க் மலைக்காடுகளில் காட்டு வான்கோழி வேட்டைக்கு மரப்பெட்டியையே நம்பியிருந்தேன். போன ஏப்ரலில் வாய்க்கருவிக்கு மாறிவிட்டேன். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றுக்கும் வேலை ஒன்றுதான்: பெட்டையைப் போலக் குரல் கொடுத்துச் சேவலை வரவழைப்பது. இயல்பில் சேவல் கூவும், பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் அந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறோம். அதனால்தான் சேவல் பாதி வழியில் நின்று முரண்டு பிடிக்கிறது.

மரப்பெட்டி எளிது. மூடியின் அடியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, அந்த மூடியைப் பெட்டியின் விளிம்பில் உரசி இழுத்தால் முதல் நாளே குரல் வந்துவிடும். ஆர்கன்சாவின் ஹென்றி கிப்சன் 1897இல் காப்புரிமை பெற்ற வடிவத்திலிருந்து இன்றைய பெட்டிகள் பெரிதாக விலகிவிடவில்லை. காற்றடிக்கும் நாளில் தொலைவுக்குக் கேட்க இதற்கு ஈடில்லை. நனைந்தால் மட்டும் ஊமை. ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பைக்குள் போட்டுத்தான் தூக்கித் திரிந்தேன்.

ஸ்லேட் தட்டைக் குச்சியால் உரச வேண்டும். மென்மையான ஒலிகளுக்கு இதுதான் முதலிடம். விரலின் எண்ணெய்ப் பசை பட்டால் குச்சி வழுக்கும், உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்யலாம்.

இரண்டுக்குமே கைகள் வேண்டும் என்பதுதான் சிக்கல். வான்கோழிக்கு மானைப் போன்ற மோப்பம் கிடையாது; இருக்க வேண்டியதெல்லாம் கண்ணில் இருக்கிறது. கண்கள் தலையின் இருபுறமும் அமைந்திருப்பதால் கழுத்தைச் சற்றுத் திருப்பினாலே சுற்றுவட்டம் முழுவதும் தெரிந்துவிடும். துப்பாக்கிக்கு அது ஏறக்குறைய 35 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அந்தக் கடைசித் தூரத்தில் அது குரல் வந்த இடத்தையே, அதாவது உங்களையே, உற்றுப் பார்த்தபடி வருகிறது. என் இரண்டாம் ஆண்டில் ஒரு சேவல் அப்படி வந்து, ஓக் மரத்துக்குப் பின்னால் தயங்கி நின்றது. இன்னொரு குரல் கொடுத்தால் வந்துவிடும் என்று மடியிலிருந்த பெட்டியை எடுத்தேன். மணிக்கட்டு அசைந்ததுதான் தெரியும். சரிவில் இறங்கி ஓடிவிட்டது. மறு ஆண்டும் இதே கதை, மரம்தான் வேறு.

வாய்க்கருவி என்பது குதிரைலாட வடிவச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய லேடெக்ஸ் சவ்வு. மேலண்ணத்தில் பொருத்தி, நாக்கால் அழுத்தி ஊத வேண்டும். துப்பாக்கியை முழங்காலில் நிறுத்திவிட்டு விரல்கூட அசையாமல் அழைக்கலாம். நடந்துவரும் சேவலை ஒரே ஒரு 'கொக்' நிறுத்திவிடும். அது கழுத்தை நிமிர்த்தும் அந்த நொடி போதும்.

இதற்கு விலை உண்டு. முதல் இரண்டு வாரம் குமட்டல்தான். காரில் தனியாகப் போகும்போது மட்டுமே பழகினேன். வீட்டில் அனுமதி இல்லை. வேட்டை முடிந்ததும் அலசி, சவ்வுகளுக்கிடையே பல்குத்தும் குச்சியைச் செருகிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் விட்டால் பாழ். அப்படியும் எனக்கு ஒரு பருவம்தான் உழைத்தது.

மென்மையான 'கர்ர்' ஒலி எனக்கு இன்னும் வாயில் வரவில்லை. விடியலில் முதல் அழைப்புக்கு இப்போதும் பெட்டியைத்தான் எடுக்கிறேன். பதில் கிடைத்ததும் கீழே வைத்துவிடுகிறேன். நான் பழகியது கிழக்கத்திய இனத்தோடும் அடர்ந்த காட்டோடும் மட்டுமே. காற்று ஓயாத மேற்குப் புல்வெளிகளில் வேட்டையாடுபவர்களுக்குப் பெட்டியின் உரத்த குரலே கூடுதலாகக் கைகொடுக்கலாம்.