பிளஃப், கூ, காக்ரோச் போக்கர்: நோம்பிக் கூட்டத்துக்கு எது?

நோம்பிக்கு வந்த சொந்தமும் சேக்காளிகளும் வீடு நிறைய இருக்கும்போது ரம்மி எடுபடாது. ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து கத்த வேண்டுமானால் பொய் சொல்லி ஆடும் ஆட்டம்தான் சரி. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வட்டத்தில் மாறி மாறி ஓடுவது மூன்று சீட்டாட்டம்: பிளஃப், கூ (Coup), காக்ரோச் போக்கர். மூன்றிலும் பொய்தான் முதலீடு; மாட்டினால் போவது மட்டும் ஒவ்வொன்றிலும் வேறு.

பிளஃப் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 52 சீட்டையும் பிரித்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்டு, "ரெண்டு ராணி" என்று சொல்ல வேண்டும். சந்தேகப்பட்டவர் திறக்கலாம். பொய் என்றால் போட்டவரும், உண்மை என்றால் திறந்தவரும் குவியலை அள்ள வேண்டும். கை காலியானவர் ஜெயித்தார். மூன்று ராணியைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரில் ஒருவர் "ரெண்டு ராணி" என்று கூசாமல் சொல்வதைக் கேட்கும் சுகமே தனி. ஆனால் ஆட்டம் இழுக்கும். ஒரு சீட்டோடு முடிக்கப் போகிறவர் தலையில் குவியல் விழும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு சங்கடமும் உண்டு: பெரியவர்கள் போட்டதைச் சின்னவர்கள் திறக்கவே மாட்டார்கள். "பாஸுங்க மாமா" என்று நழுவிவிடுவார்கள். மாமாவும் அதைத் தெரிந்துகொண்டே நாலு நாலாக இறக்குவார்.

அந்தச் சங்கடத்துக்கு மருந்து காக்ரோச் போக்கர். ஜாக் ஸீமே வடிவமைத்து 2004-இல் வந்தது. கரப்பான், எலி, வௌவால், தேள் என எட்டுப் பூச்சி பொட்டுகள், வகைக்கு எட்டாக 64 சீட்டு. ஒன்றைக் கவிழ்த்து ஒருவர் முன் தள்ளி, "இது எலிங்க" என்று கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் நிஜமா பொய்யா என்று சொல்லலாம்; அல்லது தான் மட்டும் பார்த்துவிட்டு, இன்னும் பார்க்காத வேறொருவரிடம் தள்ளலாம். தவறாகச் சொன்னால் சீட்டு அவருக்கு, சரியாகச் சொன்னால் தள்ளியவருக்கே. ஒரே வகையில் நாலு சேர்ந்தவர் தோற்றார், அவ்வளவுதான். ஜெயித்தவர் என்று யாரும் இல்லை. பதில் சொல்வதே ஆட்டம் என்பதால், "பொய்யுங்க அப்பிச்சி" என்று பேத்தி சொன்னாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. தோற்றவர் பேக்கரிக்குப் போய் எல்லாருக்கும் தேங்காய் பன் வாங்கி வர வேண்டும் என்று வைத்தால் சூடு பிடிக்கும்.

கூ வேறு ரகம். ரிக்கி டாஹ்டா வடிவமைப்பு, 2012. ஐந்து பாத்திரங்கள், ஒவ்வொன்றும் மூன்று. ஆளுக்கு ரெண்டு சீட்டு, ரெண்டு காசு. டியூக் என்று சொன்னால் மூன்று காசு எடுக்கலாம், கேப்டன் என்றால் அடுத்தவரிடமிருந்து ரெண்டைப் பிடுங்கலாம். கையில் அந்தச் சீட்டு இருக்க வேண்டும் என்றில்லை! யாராவது எதிர்த்துக் கேட்டுப் பொய் வெளிப்பட்டால் ஒரு சீட்டு போகும். கேட்டவர் தப்பென்றால் அவருடையது போகும். கொலைகாரன் வரும்போது, அவனைத் தடுக்கும் கன்டெஸா கையில் இல்லாமலே இருப்பதாகச் சொல்லி மாட்டினால், பொய்க்கு ஒன்று, கொலைக்கு ஒன்று என்று ரெண்டும் ஒரே வீச்சில் காலி. மூன்றில் கூர்மையானது இதுதான். ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த நாலைந்து சேக்காளிகளுக்கு நான் இதைத்தான் எடுப்பேன். வீட்டுக் கூட்டத்துக்கு ஆகாது: யார் எதைத் தடுப்பார் என்று விளக்கவே நேரம் போகும், முதலில் வெளியேறியவர் போனை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. சாதாரணச் சீட்டுக்கட்டில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து, ஒவ்வொன்றிலும் மூன்று எடுத்தால் கூ தயார், காசுக்குப் புளியங்கொட்டை. முதுகு ஒரே மாதிரி இருக்கும் ரெண்டு சீட்டுக்கட்டில் ஏஸ் முதல் எட்டு வரை எடுத்தால் சரியாக 64, காக்ரோச் போக்கருக்குப் போதும். பூச்சிப் படம் இல்லாததில் பாதிச் சிரிப்பு குறையும், அது நிஜம்.

ஆடி மாதம் மொட்டை மாடியில் உட்காருவதாக இருந்தால் பிளஃபை மறந்துவிடுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குவியலைப் புரட்டிவிடும். கூவில் ஆளுக்கு ரெண்டே சீட்டு, ஆளுக்கொரு கல்லை மேலே வைத்துக்கொள்ளலாம்.