கனகாம்பர நிறத்துக்காக ஆறு நாற்று வாங்கினேன்

ஆறு ஸ்லிப்பர் ஆர்கிட் நாற்று வாங்கி நான்கு வருடம் வளர்த்ததில் நான் கேட்ட நிறத்தில் பூத்தது ஒன்றே ஒன்று. அந்தச் செடிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், விற்ற கடைக்கு இரண்டரை. அந்த இரண்டரை ஏன் என்று சொல்லத்தான் இது.

வாங்கியது சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் ஓர் ஆர்கிட் கண்காட்சியில், கடையின் பெயர் வேண்டாம். ஸ்லிப்பர் ஆர்கிட்டைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: கீழ் இதழ் செருப்பின் முன்பக்கம் மாதிரி பையாகக் குவிந்திருக்கும், உள்ளே விழுந்த பூச்சி பின்பக்கமாக ஏறி நெருக்கி வெளியேறும்போது மகரந்தத்தை முதுகில் அப்பிக்கொண்டு போகும். தென் அமெரிக்கப் பக்கத்தது பிராக்மிபீடியம், ஆசியாவில் இருப்பது பேஃபியோபெடிலம். வளர்ப்பவர்கள் பிராக், பேஃப் என்றே சொல்வார்கள். என் கூடையில் இருந்தது டான் விம்பர் என்ற பிராக் மூன்று, 'மஞ்சள்' என்று சீட்டு எழுதிய ஹான்னே போபோ இரண்டு, நோரிட்டோ ஹசேகாவா என்ற பேஃப் ஒன்று. பிராக் ஒவ்வொன்றும் 30 டாலர், ஹசேகாவா 45. எல்லாம் இரண்டு அங்குலத் தொட்டியில் விரல் நீள இலையோடு இருந்தன.

ஆரஞ்சு நிறத்தில் ஏன் இவ்வளவு பித்து என்றால், பிராக் இனத்தில் அது வெகு சமீபத்திய சரக்கு. இங்கிலாந்தின் வீட்ச் நர்சரி 1873-லேயே செடெனி என்ற கலப்பினத்தைக் கொண்டுவந்துவிட்டது, ஆனால் அதுவும் அதற்கப்புறம் நூறு வருடம் வந்தவையும் இளஞ்சிவப்பு, பச்சை, பழுப்பு என்ற வட்டத்துக்குள்ளேயே சுற்றின. 1981-இல் பெரு நாட்டிலிருந்து பெஸ்ஸியே என்ற இனம் வெளியுலகுக்கு வந்தது, கண்ணைக் குத்தும் சிவப்பும் ஆரஞ்சுமாக. அதன்பின் எல்லா நர்சரிக்காரர்களும் கையில் இருந்த எல்லாவற்றோடும் அதைக் கலந்து பார்த்தார்கள். அதிலேயே சிவப்பு இல்லாமல் தனி மஞ்சளாகப் பூக்கும் ஃபிளேவம் என்ற வடிவமும் கிடைத்தது. என் பிரச்சினை அந்த ஃபிளேவத்தில்தான் தொடங்கியது.

பெஸ்ஸியே பூவின் ஆரஞ்சு ஒரே சாயம் இல்லை. அடியில் கரோட்டினாய்டு மஞ்சள், மேலே ஆந்தோசயனின் சிவப்பு, இரண்டும் சேர்ந்து நம் கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரிகிறது. மேலே இருப்பதைச் செய்யும் திறன் இல்லாத செடிதான் ஃபிளேவம், அதனால் அடி மஞ்சள் மட்டும் தெரிகிறது. சரி, அதைக் கொண்டுபோய் ஷ்லிமி என்ற சாதாரண இளஞ்சிவப்பு இனத்தோடு சேர்த்தால்? பிள்ளைகளுக்கு ஷ்லிமியிடமிருந்து சிவப்புத் திறன் ஒரு பங்கு வந்துவிடும், அந்த ஒரு பங்கே போதும், சிவப்பு திரும்பி வந்துவிடும். மஞ்சள் அடியோ பாதியாக நீர்த்துப்போகும். மஞ்சள் வேண்டுமென்றால் அந்தப் பிள்ளைகளையே தங்களுக்குள் சேர்த்து, அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்றாவது வருமா என்று காத்திருக்க வேண்டும்.

ஹான்னே போபோ என்பதே பெஸ்ஸியேவையும் ஷ்லிமியையும் சேர்த்ததுதான். கடைக்காரர் ஃபிளேவத்தைப் பெற்றோராக வைத்திருக்கிறார், அது பொய் இல்லை. ஆனால் சீட்டில் ஒட்டியிருந்த எலுமிச்சை நிறப் படம் பெற்றோருடையது, பிள்ளைகளுடையது இல்லை. மூன்றாவது வருடம் இரண்டும் பூத்தன. ஒன்று ரோஸ், இன்னொன்று வெளிறிய பீச் பழ நிறம். அழகில் குறையில்லை, என் மனைவிக்கு ஆறில் பிடித்ததே அந்த பீச்தான். ஆனால் நான் காசு கொடுத்தது மஞ்சளுக்கு. படம் எடுத்துக் கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், "நாற்றில் நிறம் மாறுபடும்" என்று ஒரு வரி பதில் வந்தது. மாறுபடும்தான், இதில் மாறுபட்டு மஞ்சளாக வர வழியே இல்லையே ஐயா என்று திருப்பி எழுதினேன், அதற்குப் பதில் இல்லை. இரண்டரை மதிப்பெண் போனது இங்கேதான்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் ஏமாந்தேன். டான் விம்பர் சீட்டில் 'பெற்றோர் ஏ.எம். விருது பெற்றது' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அமெரிக்க ஆர்கிட் சங்க நடுவர்கள் 80 முதல் 89 புள்ளி வரை கொடுத்தால் அது ஏ.எம். அந்த விருது அன்றைக்கு மேசைமேல் இருந்த அந்த ஒரு செடிக்கும், அதைப் பிரித்து எடுத்த பக்கக்கன்றுகளுக்கும் மட்டும்தான். விதையில் பிறந்த நாற்றுக்கு அதில் பங்கு கிடையாது. கலப்பினப் பெயரும் அப்படித்தான், ஒரே பெற்றோர் சேர்க்கையில் எப்போது, யார் வீட்டில் பிறந்தாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பெயர். டான் விம்பர் என்று கேட்டால் குடும்பப் பெயர் சொல்லி ஆளைத் தேடுவது போல, யார் வந்து கதவைத் திறப்பார் என்று தெரியாது.

ஆனாலும் டான் விம்பரை நான் சிபாரிசு செய்வேன். காரணம் அதன் வம்சாவளி. முதலில் பெஸ்ஸியேவையும் லாங்கிஃபோலியம் என்ற பச்சை கலந்த நெட்டைப் பூவையும் சேர்த்து எரிக் யங் என்ற கலப்பினம் வந்தது, அதைத் திரும்பப் பெஸ்ஸியேவோடு சேர்த்ததுதான் டான் விம்பர். அதாவது முக்கால் பங்கு பெஸ்ஸியே. நீர்த்துப்போன மஞ்சள் அடியை மறுபடி கெட்டியாக்கும் வழி அது. லாங்கிஃபோலியம் தாத்தாவிடமிருந்து உயரமான தண்டும், ஒரு பூ விழுந்ததும் அடுத்தது திறக்கும் குணமும் வந்து சேர்கிறது. என் செடியில் ஒரே தண்டு செப்டம்பரில் தொடங்கிப் பொங்கல் வரை பூத்தது. விழும் பூ வாடிக்கூட இருக்காது, காலையில் பார்த்தால் புதுப்பூ தரையில் கிடக்கும், முதல் முறை பூனைமேல்தான் சந்தேகப்பட்டேன்.

மூன்றில் ஒன்று செங்கல் நிறம், பரவாயில்லை. ஒன்றின் பக்க இதழ்கள் முறுக்கிக்கொண்டு வந்தன, அதைப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மூன்றாவதுதான் இத்தனை பேச்சுக்கும் காரணம். அம்மா வீடியோ அழைப்பில் பார்த்துவிட்டு "அட, கனகாம்பரம்டா" என்றார், அதற்குமேல் அந்த நிறத்துக்கு விளக்கம் தேவையில்லை. "தலையில் வைக்க முடியாதே" என்றும் சொன்னார். வெயில் காலத்தில் திறந்த பூ ஆரஞ்சாகவும், டிசம்பர்க் குளிரில் அதே தண்டில் வந்த பூ ஒரு சாயல் சிவந்தும் இருந்தது.

வளர்ப்பைப் பொறுத்தவரை பிராக் மற்ற ஆர்கிட்டுக்கு நேர் எதிர். பெஸ்ஸியே தண்ணீர் கசியும் பாறைச் சரிவில் வளர்வது, தொட்டியைத் தட்டில் ஓரங்குலத் தண்ணீரில் நிற்க வைத்தால் சந்தோஷப்படும். ஆனால் உப்புத் தண்ணீர் ஆகாது. சான் ஹோசேயில் இருந்தபோது குழாய்த் தண்ணீர் ஊற்றி எல்லா இலை நுனியும் கருகியது, டேலி சிட்டிக்கு வந்தபிறகு ஹெட்ச் ஹெட்சி அணையின் பனிமலைத் தண்ணீரும் தினசரி மூடுபனியும் பாதி வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. சென்னை வெயிலில் இதை முயல்வதற்கு முன் நன்றாக யோசியுங்கள்.

மஞ்சள்தான் வேண்டும் என்பவர்கள் பேஃப் பக்கம் போவது நல்லது. சீனாவின் யுன்னான் மாநிலத்து ஆர்மேனியாகம் தங்க மஞ்சள், 1982-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். நம் அகத்தியமலைக்கென்றே ஒரு மஞ்சள் இருக்கிறது, ட்ரூரியி, இதழ் நடுவே பழுப்புக் கோடு ஓடும். பெடோம் என்ற தாவரவியலாளர் 1874-இல் விவரித்த செடி, சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கிக் காட்டில் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. விதையிலிருந்து வளர்த்ததாகச் சான்று காட்டாத ட்ரூரியியை யார் விற்றாலும் வாங்காதீர்கள். ஸ்லிப்பர் ஆர்கிட் பெரும்பாலும், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான சைட்ஸின் முதல் பட்டியலில் இருப்பவை, பெட்டியில் போட்டு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

அடுத்த முறை நான் நாற்று வாங்கப் போவதில்லை. பூத்த செடியின் பக்கக்கன்று 80, 90 டாலர் சொல்வார்கள், அதைப் பூவோடு பார்த்துவிட்டே வாங்குவேன். கணக்குப் போட்டால் என் கனகாம்பரம் ஒன்றுக்கு 90 டாலரும் நான்கு வருடமும் ஆகியிருக்கிறது.

ஹசேகாவாவைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆர்மேனியாகத்தையும் பச்சைப் பூவான மாலிபோயென்ஸையும் சேர்த்தது, மஞ்சளாகப் பூக்க வேண்டியது. நான்கு வருடத்தில் நான்கு பக்கக்கன்று விட்டிருக்கிறது, ஒரு மொட்டு இல்லை. இலையில் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்ட மாதிரி இருக்கிறது, அதனால் இன்னும் திட்டவில்லை.