போர்டு இல்லாத ஷெட்டில் 1951 எம்.ஜி. காருக்கு விலை பார்த்த கதை

பழைய காருக்கு விலை பார்த்துச் சொல்கிற ஒரு ஷெட்டைப் பற்றி இது, முதலிலேயே அவர்களுக்கு என் மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்று அவர்கள் இழுத்தடித்த நாளுக்காக, வேலைக்காக இல்லை. ஒரு வாரம் என்றார்கள், மூன்று வாரம் ஆனது, நடுவில் நான் அடித்த போனை ஒருத்தர்கூட எடுக்கவில்லை.

கோயமுத்தூரிலிருந்து வருகிறவர்கள் கே.ஜி. சாவடியில் திரும்பி வேலந்தாவளம் தாண்டி கொழிஞ்சாம்பாறை ரோட்டில் வந்தால், கள்ளுக்குத் தென்னை கட்டியிருக்கிற ஒரு தோப்புக்குள் தகர ஷெட் இருக்கிறது. போர்டு கிடையாது. 'மேஸ்திரி ஷெட்' என்று கேட்டால் வழி சொல்வார்கள், ஆனால் அந்தப் பக்கம் வண்டியில் சுற்றுகிற வெளியூர்க்காரன் எல்லாரும் கள்ளுக்கடை தேடி எல்லை தாண்டியவன் என்றே ஊர் நினைக்கும் என்பதால், முதல் ஆள் உங்களை அங்கேதான் அனுப்புவார். நடத்துவது எழுபது வயதைத் தாண்டிய ஒரு மேஸ்திரியும் அவருடைய மகளும். அப்பா திறந்து பார்ப்பார், மகள் எழுதுவார், ரேட்டு பேசுவதும் அவர்தான். டிங்கரிங், எஞ்சின் வேலை எல்லாம் உண்டு. நான் போனது விலை பார்க்க. பழைய காரைக் கழற்றிப் பார்த்து, எது ஒரிஜினல், எது பின்னால் வந்தது, இப்போது என்ன பெறும், செய்தால் எவ்வளவு ஆகும் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். 7,500 ரூபாய் வாங்கினார்கள்.

கார் என் தாய்மாமாவுடையது. நெல்லியாம்பதி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து வாங்கியது, 1951 மாடல் எம்.ஜி. டி.டி., இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், இரண்டு பேர் உட்காரும் மேல்கூரை மடங்கும் வண்டி. மாமா போய் இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய மகன் மஸ்கட்டில், மகள் பெங்களூரில், கார் எங்கள் வீட்டு நெல் களத்தில் தார்ப்பாய்க்குள். விற்பதா வைப்பதா என்று பேச்சு வந்தபோது, கோயமுத்தூரில் ஒரு பழைய கார் புரோக்கர் போட்டோவை மட்டும் பார்த்துவிட்டு 45 லட்சம் என்றார். அவர் பெயர் வேண்டாம். அந்த ஒரு வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் மூன்று மாதம் நிம்மதி இல்லை.

சரி, ஷெட்டுக்கு வருவோம். மேஸ்திரி பானெட்டைத் திறந்ததுமே சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது ஃபியட் 1100 எஞ்சின். எழுபதுகளில் ஒரிஜினல் எஞ்சின் பிடித்துக்கொண்டபோது, பாகம் கிடைக்காமல், கிடைத்ததை மாமா போட்டிருக்கிறார். அன்று எல்லாரும் செய்ததுதான். ஒரிஜினல் எங்கே என்று கேட்டார். பத்தாயத்துக்குப் பக்கத்தில் சாக்குப்பையில் ஏதோ இரும்பு கிடக்கிறது என்றேன். "தம்பி, காரை அப்புறம் பார்க்கலாம், போய் அதைக் கொண்டு வாங்க" என்று அன்றைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

மறுநாள் குட்டி யானையில் ஏற்றிப்போய் இறக்கினேன். அடுத்த அரைமணி நேரத்துக்கே 7,500 கொடுக்கலாம். எஞ்சின் பக்கவாட்டில் மண்ணும் கிரீஸும் அப்பியிருந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தார், மெல்ல எட்டு மூலையுள்ள ஒரு சின்னப் பித்தளைத் தகடு வெளியே வந்தது. மகள் ஆர்.சி. புத்தகத்தை விரித்தார். அப்பா தகட்டிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் படிக்க, மகள் புத்தகத்தில் சிவப்பு மையால் அடித்திருந்த பழைய எஞ்சின் நம்பரோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். கடைசி எண் வரை சரியாக வந்தது. மேஸ்திரி ஒன்றும் பேசாமல் எழுந்துபோய்க் கை கழுவிவிட்டு டீ சொல்லி அனுப்பினார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு விலையே சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) நம்பரும் எஞ்சின் நம்பரும் பிறந்தபோது இருந்த ஜோடியாக இருப்பதில்தான். பெயிண்ட் திரும்ப அடிக்கலாம், சீட் தைக்கலாம், அந்த ஜோடியை மட்டும் காசு கொடுத்துச் செய்ய முடியாது.

அப்புறம் நட்டு. பழைய எஞ்சினில் ஒரு போல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்து, "தலை இங்கிலாந்து, மரை பிரான்சு" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். உண்மை. எக்ஸ்.பி.ஏ.ஜி. என்பது டி.டி.யின் ஒரிஜினல் எஞ்சின், அதன் வம்சம் மோரிஸ் என்ற இங்கிலாந்து கார் கம்பெனியின் எஞ்சின் வம்சம், அதைச் செய்த இங்கிலாந்தின் கவென்ட்ரி தொழிற்சாலை முன்னொரு காலத்தில் ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியுடையது, மெஷின்கள் மெட்ரிக் மரைக்கு அமைத்தவை. மோரிஸ் அதை வாங்கிய பிறகு மரையை அப்படியே விட்டுவிட்டு, இங்கிலாந்து ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி தலையை மட்டும் விட்வொர்த் என்ற இங்கிலாந்து அளவில் வைத்தார்கள். விவரம் தெரியாத ஒருவர் இங்கிலாந்து நட்டையே போட்டு முறுக்கினால் மரை போய்விடும், எங்கள் எஞ்சினில் ஏழு இடத்தில் போயிருக்கிறது. ரிப்போர்ட்டில் ஏழும் தனித்தனியாக எழுதியிருக்கிறது. நம்ம ஊரில் ஓடிய ஹிந்துஸ்தான் 10 இருக்கிறதே, அது மோரிஸ் டென், அதன் எஞ்சினும் இந்தக் குடும்பம்தான், அதனால் சில உருப்படி பழைய இரும்புக் கடையிலேயே சிக்கும் என்று மேஸ்திரி சொன்னார். எனக்குச் சிக்கவில்லை இன்னும்.

பாடியையும் சும்மா விடவில்லை. டி.டி.யின் தகரத்துக்கு உள்ளே ஆஷ் மரச்சட்டம், கட்டில் மாதிரி. ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் கதவுத் தூணைத் தட்டிக்கொண்டே வந்தவர் இடது பக்கம் வந்ததும் நின்றார், சத்தம் பொத்தென்று இருந்தது, அடியில் கைவைத்தால் மாவு மாவாகக் கொட்டியது. கரையான். பெட்ரோல் குழாய் ரப்பரும் உப்பியிருந்தது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது எல்லா பங்கிலும், அந்தக் காலத்து ரப்பருக்கும் கார்க்குக்கும் அது சேராது, கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் தண்ணீரை வேறு இழுக்கும். குழாயை மட்டும் உடனே மாற்றிவிட்டார்கள், 1,100 ரூபாய். பில்லில் இருக்கிறது, ஆனால் கேட்காமல் மாற்றியது எனக்குப் பிடிக்கவில்லை.

இனி விலை. ரிப்போர்ட்டில் மூன்று எண். இப்போது இருக்கிற நிலையில், பழைய எஞ்சினையும் சேர்த்து, 14 லட்சம். அந்த எஞ்சினையே ஓடவைத்து, மரம் மாற்றி, முழுசாகச் செய்தால் 26 லட்சம் வரை. அப்படிச் செய்ய ஆகும் செலவு 15 லட்சம். கூட்டிப் பாருங்கள். செய்து விற்றால் மூன்று லட்சம் நட்டம், அதுவும் இரண்டு வருடம் உழைத்து. நான் போன இடங்களில் இப்படிப் பச்சையாக எழுதிக் கொடுத்தது இவர்கள் மட்டும்தான். 15 லட்சம் வேலை அவர்களுக்கே வந்திருக்கும், அதை அவர்களே வேண்டாம் என்று சொன்ன மாதிரிதான் இது.

45 லட்சம் எங்கிருந்து வந்தது என்று மகளிடம் கேட்டேன். "செய்தி படிச்சுட்டு சொல்லியிருப்பாங்க" என்றார். ஃபெராரி 250 ஜி.டி.ஓ. 2018-ல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது, 2022-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். கூபே ஒன்று 13.5 கோடி யூரோ. இதைப் படித்தவர்களுக்குப் பழைய கார் எல்லாம் தங்கம். ஆனால் ஜி.டி.ஓ. மொத்தமே 36 கார், அந்த மெர்சிடிஸ் இரண்டே இரண்டு. எங்கள் டி.டி. 29,000-க்கும் மேல் செய்தார்கள், முக்கால்வாசிக்கு மேல் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே நல்ல டி.டி. ஒன்று சாதாரணப் புதுக் கார் விலைக்குக் கிடைக்கும். பெரிய கார்களே எப்போதும் ஏறிக்கொண்டே இருந்ததில்லை. 1988-ல் என்ஸோ ஃபெராரி இறந்ததும் அவர் கார்களின் விலை பேய் மாதிரி ஏறி, 1990-ல் பொத்தென்று விழுந்து, அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் பல வருடம் மீளவில்லை.

அடுத்து மகள் கேட்டதுதான் ரிப்போர்ட்டில் இல்லாத விஷயம். "இதை அடுத்து வாங்கப் போறது யாருங்க? அவங்களுக்கு என்ன வயசு?" யோசித்துப் பார்த்தால் ஆள் கிடைக்கவில்லை. எம்.ஜி.யைப் பார்த்து ஏங்கின தலைமுறை மாமாவின் தலைமுறை. பையனாக இருக்கும்போது வாங்க முடியாததைக் கையில் காசு வந்ததும் வாங்குகிறவர்கள்தான் இந்தச் சந்தையைத் தூக்குவது, அவர்கள் போனால் அவர்களுடைய கார் இறங்கும். அமெரிக்காவில் 25 வருடம் ஆன காரைத்தான் தடையில்லாமல் இறக்குமதி செய்யலாம், 1999-ல் வந்த நிஸான் ஸ்கைலைன் ஆர்34-க்கு அந்த வயது 2024-ல் ஆனது, வீடியோ கேமில் அதை ஓட்டி வளர்ந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். நம்ம பக்கத்தில் என் அக்கா பையன் எம்.ஜி.யைத் திரும்பிப் பார்ப்பதில்லை, ராஜ்தூத் 350 பைக் ஒன்று கிடைக்குமா என்று ஊர் ஊராக விசாரிக்கிறான். ஆர்.எக்ஸ். 100 விலையைக் கேட்டால் எனக்கே தலை சுற்றுகிறது. ஷெட்டிலும் வாசலில் எம்.ஜி. நின்றது, உள்ளே நிழலில் இடம் கிடைத்தது எண்பதுகளில் வந்த கான்டெஸா கார் ஒன்றுக்கு. அந்த ஓனர் வயது முப்பத்திரண்டு.

அதற்காக மதிப்பில்லை என்று ஆகாது, பணமாகத் திரும்பி வராது, அவ்வளவுதான். மஸ்கட் மச்சானிடம் இதைச் சொன்னேன், இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் "அப்போ ஓட்டிட்டுப் போகலாம்ல?" என்று மெசேஜ். அதுதான் இப்போதைய முடிவு. ஃபியட் எஞ்சினோடு ஓட்டுவோம், பழையதைத் துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி ஷெட்டிலேயே மூடி வைத்திருக்கிறோம், மாத வாடகை 300.

பேப்பர் விஷயத்தில் மகள் கில்லாடி. பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு இருக்கிறது, புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பரில் வி.ஏ. என்று வரும், ஏற்கனவே பதிவானது பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு மறுபதிவுக்கு 5,000. ஆனால் எஞ்சினும் பாடியும் சேஸியும் ஒரிஜினலாக இருக்கவேண்டும், ஃபியட் எஞ்சினோடு கேட்காதீர்கள் என்றார். தவிர விண்டேஜ் பதிவு வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தினசரி ஓட்ட முடியாது. முதலில் வாரிசுச் சான்றிதழும் படிவம் 31-ம் கொடுத்து ஆர்.சி.யை மாமா பெயரிலிருந்து மாற்றுங்கள், செத்தவர் பெயரில் இருக்கிற காருக்கு எந்த விலையும் விலை இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். கேரளா வண்டி, கோயமுத்தூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்தால் அங்கே மறுபதிவு வேண்டும் என்பதையும் அவர் சொல்லித்தான் ஞாபகம் வந்தது.

குறை இன்னும் இரண்டு. ரிப்போர்ட் கையெழுத்தில், பாதி மலையாளம் பாதி தமிழ், பேங்கில் காட்ட முடியாது. ஷெட்டில் மழை ஒழுகுகிறது, உங்கள் வண்டிக்கு நீங்களே தார்ப்பாய் கொண்டு போங்கள்.

போகிறவர்கள் ஆர்.சி. புத்தகத்தின் எல்லாப் பக்கமும், வீட்டு மூலையில் கிடக்கிற இரும்பு எல்லாமும் எடுத்துப் போங்கள், குப்பை என்று நீங்களாக எதையும் கழிக்க வேண்டாம். காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். மதியம் இரண்டுக்கு மேல் மேஸ்திரி கயிற்றுக் கட்டிலில் படுத்துவிடுவார், எழுப்பினால் விலையைக் குறைத்து எழுதுவார் என்று கான்டெஸா ஓனர் சொன்னார். தோப்பு வாசலில் கட்டியிருக்கும் நாய் குரைக்கும், கடிக்காது. என்னை ஒரு தடவை மட்டும் கடித்தது.