1.3 கிலோவுக்குப் பதினான்காயிரம் ரூபாய்: ஒரு ரோடு சைக்கிளுடன் நான்கரை ஆண்டுகள்

சைக்கிள் வாங்கிய அன்றே அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டுவிட்டேன். தணிக்கை அலுவலகத்தில் இருபது ஆண்டு குப்பை கொட்டியவனுக்கு வேறு எப்படி வண்டி ஓட்டத் தெரியும்? 2021 பிப்ரவரியில் தொடங்கிய அந்த நோட்டின்படி இதுவரை 18,640 கிலோமீட்டர், 23 பஞ்சர், நான்கு செயின், ஆறு டயர், அறுந்த ஸ்போக்ஸ் கம்பி மூன்று. பராமரிப்புக்கு மட்டும் 34,000 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் எண்பத்திரண்டு காசு. வழியில் தின்ற இட்லிக்குத் தனி நோட்டு. அதை என் மனைவிக்குக் காட்டுவதில்லை.

நான் வாங்கிய நேரத்தில் உலகம் முழுவதும் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கொரோனா முடக்கத்தில் வீட்டுக்குள் கிடந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் இந்த ஆசை வந்துவிட்டது. நான்கு மாதம் காத்திருந்த பிறகு பெங்களூரில் ஒரு கடையில் இரண்டு வண்டிகள் வந்திருப்பதாகத் தகவல் வந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் எந்த வண்டிக்கும் நான் சொல்வது பொருந்தும். ஒன்று 57,000 ரூபாய், எடை 10.4 கிலோ. இன்னொன்று 71,000 ரூபாய், எடை 9.1 கிலோ. கியர், பிரேக் எல்லாம் இரண்டிலும் ஒன்றே. கடைக்காரப் பையன் விலை கூடிய வண்டியை ஒற்றை விரலால் தூக்கிக் காட்டினான். என்னையும் தூக்கச் சொன்னான். தூக்கினேன். அந்த விரல்தான் முடிவெடுத்தது. சைக்கிளை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் நந்தி மலை ஏறுவதில்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு எங்கள் சைக்கிள் கூட்டம் சேருமிடம் அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை. 2009இல் திறக்கப்படும்வரை பதினெட்டு ஆண்டுகள் மூடியபடியே காத்திருந்த சிலை அது. அதன் முன்னால் நின்றுகொண்டு, தாமதமாக வருகிறவனைப் பத்து நிமிடத்துக்கு மேல் திட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. அங்கிருந்து ஹெப்பாள், தேவனஹள்ளி வழியாக நந்தி மலை அடிவாரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். கூட்டத்தில் பாதிப்பேர் தமிழர், மற்றவர்கள் கன்னடரும் தெலுங்கரும். பின்னால் லாரி வந்தால் கடைசியில் வருகிறவர் ‘காடி பந்து’ என்று குரல் கொடுப்பார். வண்டி வந்துவிட்டது என்று கன்னடத்தில் பொருள். திருச்சியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்து சேர்ந்த தம்பி ஒருவன் முதல் வாரம் சாலையில் பந்தைத் தேடினான்.

நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். பெங்களூரே 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் ஏற்றம் விடாமல் வளைந்து வளைந்து போகிறது. கடைசி இரண்டு கிலோமீட்டரில், இதையெல்லாம் யார் செய்யச் சொன்னார்கள் என்ற கேள்வி தவறாமல் வரும். முதல் முறை ஐம்பது நிமிடத்தில் ஏறினேன். அன்று இரவே கணக்குப் போட்டேன். என் எடை 78 கிலோ. வண்டி, தண்ணீர், பம்ப், மாற்று டியூப் எல்லாம் சேர்த்து 90 கிலோ. அதில் 1.3 கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. ஐம்பது நிமிட ஏற்றத்தில் அது தரும் லாபம் ஏறக்குறைய 43 விநாடி. பதினான்காயிரத்தை 43ஆல் வகுத்தால் விநாடிக்கு 325 ரூபாய். சமதரையில் அந்த லாபமும் இல்லை, அங்கே எதிரி காற்றுதான். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒரு செலவுச் சீட்டு வந்தால் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

இந்தக் கணக்கைக் காகிதத்தோடு விட்டிருப்பேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இருக்கிறார், வயது அறுபத்தொன்று. அவருடையது பதினான்கு கிலோ எடையுள்ள நேர் ஹேண்டில் வண்டி. முன்னும் பின்னும் மட்கார்டு, கேரியரில் ஒரு துணிப்பை. மூன்றாவது தடவை நான் நந்தி ஏறியபோது, பாதி வழியில் ஒரு வளைவில் அவர் என்னைத் தாண்டிப் போனார். மூச்சு வாங்கவில்லை. “முட்டிக்கு இப்படிப் பாரம் கொடுக்கக் கூடாது தம்பி, கியரைக் குறையுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார். குறைப்பதற்கு எனக்குக் கியர் மிச்சம் இல்லை. அதுதான் சங்கதி.

என் வண்டியில் முன்னால் சிறிய பல்சக்கரத்துக்கு 34 பல், பின்னால் இருந்ததிலேயே பெரியதற்கு 28. பெடலை ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுழன்று, வண்டியை இரண்டரை மீட்டர் தள்ளும். இளைஞர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் அது போதும். நாற்பத்தைந்து வயதில் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தவனுக்குப் போதாது. பின்சக்கரத்தின் பல்சக்கரக் கொத்தைக் கழற்றிவிட்டு 34 பல் வரை உள்ளதை மாட்டினேன். பழைய கியர் மாற்றி அத்தனை பெரிய பல்சக்கரத்துக்கு எட்டாது என்பதால் அதையும் மாற்ற வேண்டியிருந்தது. இரண்டுக்கும் 5,800 ரூபாய். இப்போது பெடல் ஒரு சுற்று என்றால் சக்கரமும் ஒரே சுற்று, 2.1 மீட்டர். வேகம் குறைந்ததா என்றால், இல்லை. முன்பு இரண்டு இடத்தில் இறங்கி நின்று இயற்கையை ரசிப்பதுபோல் நடிப்பேன். இப்போது நிற்பதில்லை, 46 நிமிடத்தில் ஏறிவிடுகிறேன். நான்கரை ஆண்டில் இந்த வண்டிக்குச் செய்த செலவுகளில் சிறந்தது இதுதான்.

அடுத்தது டயர். கடையிலிருந்து வந்தபோது 25 மில்லிமீட்டர் டயர், அதில் 95 பி.எஸ்.ஐ. காற்று. மழைக்காலம் முடிந்த பெங்களூர்ச் சாலையில் அது டயர் இல்லை, தண்டனை. மொத்தப் பஞ்சர் 23இல் முதல் ஒன்றரை ஆண்டிலேயே 14. பெரும்பாலும் ஆணியோ கண்ணாடியோ காரணம் இல்லை. டியூபைக் கழற்றிப் பார்த்தால் அருகருகே இரண்டு ஓட்டை. பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கிய அடையாளம் அது. 28 மில்லிமீட்டருக்கு மாறி, காற்றை 75ஆகக் குறைத்தபின் அந்த இரட்டை ஓட்டை மொத்தம் இரண்டே தடவைதான். முதுகுவலியும் போயிற்று. 32 போட்டிருந்தால் இன்னும் சுகம், ஆனால் என் வண்டியில் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் அதற்கு இடம் இல்லை. மட்கார்டு மாட்டத் துளைகளும் இல்லை. எடை குறைய வேண்டும் என்று இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறார்கள். ஜூன் மாதம் பின்னால் வருகிறவர் முகத்தில் நான் தெளிக்கும் சேற்றுக்கு எடை பார்த்தால் கணக்கு நேராகிவிடும்.

ஏழாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. கடையில் ஒன்றை மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. உத்தரவாதம் கம்பிக்குப் பொருந்தாது என்று சிரித்த முகத்தோடு சொன்னார்கள். அல்சூர் சந்துக்குள் பத்தடிக்குப் பத்தடிக் கடை வைத்திருக்கும் பெரியவரிடம் சக்கரத்தைக் கொண்டு போனேன். பால் வண்டி, பேப்பர் வண்டி பார்த்துப் பழகியவர்; ரோடு சைக்கிள் அவருக்குப் புதிது. ஆனால் சக்கரம் சக்கரம்தானே.

கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றையும் நகத்தால் சுண்டிக் காது கொடுத்துக் கேட்டார். சிலது ‘டிங்’ என்றது, சிலது ‘டொப்’ என்றது. “அறுந்த கம்பியின் மேல் குற்றம் இல்லை தம்பி. பக்கத்தில் நாலு கம்பி தளர்ந்து கிடக்கிறது. அவற்றின் பாரத்தையும் இதுவே தாங்கினால் எத்தனை நாள் தாங்கும்?” என்றார். எல்லாக் கம்பிகளையும் தளர்த்திவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். சக்கரத்தைத் தாங்கியில் மாட்டிச் சுழற்றி, ஒரு சாக்பீஸ் துண்டை ரிம்முக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். கோட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கீற்று விழுந்தது. அந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்கி, எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு தளர்த்தினார். மறுபடியும் சுழற்று, மறுபடியும் சாக்பீஸ். கீற்று நீண்டுகொண்டே போய்க் கடைசியில் ரிம் முழுவதும் சன்னமான ஒரே வளையமாக ஆனபோது இரண்டு மணி நேரம் கழிந்திருந்தது. கம்பிகளோடு சேர்த்து 2,600 ரூபாய் வாங்கினார். அதன்பிறகு பதினோராயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஒரு கம்பிகூட அறவில்லை.

2023இல் முதல் முறையாக 200 கிலோமீட்டர் பிரவே ஓட்டினேன். இது பந்தயம் இல்லை. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் சங்கம் வகுத்த விதிப்படி, பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டரை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். முதலாவது வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் ஒரே மரியாதை. வழியில் வண்டி பழுதானால் நீயே பார்த்துக்கொள் என்பதும் விதி. ஒரே பருவத்தில் 200, 300, 400, 600 நான்கையும் முடித்தவரை சூப்பர் ராண்டனர் என்பார்கள். அவர்களின் கனவு நான்காண்டுக்கு ஒருமுறை வரும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ்: 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம். என் கனவு முளபாகல் தோசையோடு நின்றுவிட்டது. எங்கள் பாதை ஹொஸ்கோட்டை, கோலார் வழியாக முளபாகல் போய்த் திரும்புவது. திரும்பும்போது கோலாரைத் தாண்டி நெடுஞ்சாலையில் அடுத்தடுத்து இரண்டு பஞ்சர். மாற்று டியூப் தீர்ந்தது, கைப்பம்பும் காலை வாரிவிட்டது.

அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனபின் லாரி டயர் அடுக்கிய ஒரு பஞ்சர் கடை. ஓட்டையை நொடியில் கண்டுபிடித்துத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிட்டார். காற்றடிக்கும்போதுதான் சிக்கல். ரோடு சைக்கிள் வால்வு ஊசிபோல மெல்லியது. லாரிக்காரர் குழாய் அதில் பிடிக்காது. இரண்டையும் பொருத்தும் பித்தளை மரை ஐம்பது ரூபாய்தான், என்னுடையது வீட்டு மேசையில் பத்திரமாக இருந்தது. அவர் வால்வின் பிளாஸ்டிக் மூடியைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். பிளேடால் அதன் நுனியைச் சீவினார். வால்வின் முனையைத் திறந்துவிட்டு, மூடியைத் தலைகீழாகத் திருகினார். குழாய் கச்சிதமாகப் பொருந்திக்கொண்டது. 12 மணி 50 நிமிடத்தில் முடித்தேன். அந்தச் சீவிய மூடி இன்றும் என் பணப்பையில் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. அடிப்பகுதியில் மூன்று மாதம் கரகரவென்று சத்தம் வந்தது. பெடல் அச்சை மாற்றச் சொல்லி 3,000 ரூபாய் கேட்டார்கள். சத்தம் வந்தது சீட்டைத் தாங்கும் குழாயிலிருந்து. வெளியே இழுத்துத் துடைத்து கிரீஸ் தடவியதும் நின்றது. பிரேக் பழுதில்லை. வண்டியோடு வந்த சீட்டைப் பற்றி நான்கு பேர் நடுவில் பேச முடியாது.

சைக்கிளுக்கென்று ஊர் செய்தவையும் நோட்டில் உண்டு. 2020இல் வெளிவட்டச் சாலையில் கம்பம் நட்டு சைக்கிளுக்குத் தனிப் பாதை ஒதுக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் எனக்கே வண்டி வாங்கும் தைரியம் வந்தது. வாங்கி ஓட்டப் பழகுவதற்குள் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, பிறகு மெட்ரோ வேலை மிச்சத்தை விழுங்கிவிட்டது. ஞாயிறுகளில் கப்பன் பூங்காவுக்குள் மோட்டார் வண்டி கிடையாது. பிள்ளைகளுக்குப் பழக்க இந்த ஊரில் அதைவிட நல்ல இடம் இல்லை. என் மகள் அங்கேதான் பழகினாள். எங்கள் அக்கா இந்த டிசம்பரில் நீலகிரிக்குப் போகத் திட்டமிடுகிறார். மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். நந்தி அதற்குத் தம்பி மகன். துணிப்பையோடுதான் ஏறுவேன் என்கிறார்.

செயினை மட்டும் மாதாமாதம் மகளின் இரும்பு அளவுகோலால் அளக்கிறேன். புது செயினில் கண்ணிகளைக் கோக்கும் ஓர் ஊசியிலிருந்து அளந்தால் பன்னிரண்டு அங்குலத்தில் சரியாக இன்னோர் ஊசி வந்து நிற்கும். அந்த ஊசி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போனால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு தள்ளும்வரை விட்டால் அது பல்சக்கரங்களையும் தின்றிருக்கும். நான்காவது செயின் இப்போது கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

திருச்சித் தம்பி புது வண்டி வாங்கப்போவதாகச் சொன்னபோது இந்த நோட்டையே கையில் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பித் தந்தான். நேற்று இரவு அவனிடமிருந்து ஒரு படம் வந்தது: கடைக்குள், அவன் ஒற்றை விரலில் தொங்கும் கறுப்பு வண்டி. கீழே “7.9 கிலோ அண்ணா” என்று எழுதியிருந்தான். டயர் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.