பத்மினிக்கு ஸ்பேர் தேடிய பத்து வருஷம்

எங்கள் வீட்டு பிரீமியர் பத்மினி 1986 மாடல். அப்பா வாங்கியது, 2014-ல் என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து, என்ஜினைப் பிரித்துப் போட்ட சில மாதங்கள் தவிர, மாதம் முன்னூறு கிலோமீட்டராவது ஓட்டாமல் இருந்ததில்லை. உறை போட்டு மூடி வைக்க எனக்கு மனசு வராது, ஓடுகிற வண்டிதான் நன்றாக இருக்கும். ஆனால் ஓட்டினால் தேயும், தேய்ந்தால் ஸ்பேர் வேண்டும். மும்பை குர்லாவில் பத்மினி தயாரிப்பு நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தப் பத்து வருஷத்தில் எந்தப் பாகத்தை எப்படி வாங்கினேன், எது தாங்கியது, எது கைவிட்டது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் பிரேக். பத்மினிக்கு நாலு சக்கரத்திலும் டிரம்தான். நான் வண்டியை எடுத்த வருஷமே ஒரு கடையில் பழைய ஸ்டாக் வாஷர் கிட் (பிரேக் சிலிண்டருக்குள் போடும் ரப்பர் கப் செட்) கிடைத்தது. பெட்டி கூடப் பிரிக்கவில்லை, உள்ளே எண்ணெய்க் காகிதம் சுற்றியபடி அப்படியே இருந்தது. 'ஒரிஜினல் கிடைத்துவிட்டது' என்று சந்தோஷமாக வாங்கி மாட்டினேன். மூன்றாவது மாதம் கத்திப்பாரா பாலத்தில் இறங்கும்போது பெடல் மெதுவாகக் கீழே போனது. இரண்டு முறை பம்ப் செய்து, ஹேண்ட் பிரேக்கையும் பிடித்து ஓரம் கட்டினேன், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தார். கழற்றிப் பார்த்தால் ரப்பர் கப்பின் விளிம்பு முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்பு. பெட்டியில் தூங்கினாலும் ரப்பருக்கு வயசாகும் என்று அன்றுதான் உறைத்தது.

அதற்கப்புறம் ரப்பர் என்றால் புதிதாகச் செய்தது மட்டும்தான். வீல் சிலிண்டர் கப், பிரேக் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம், என்ஜின் மவுன்டிங் எதுவாக இருந்தாலும் சரி. வாங்கும் முன் இரண்டு விரலால் மடித்து வெளிச்சத்தில் பார்க்கிறேன், வெடிப்பு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். நம் வண்டி காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதில்லை, ஊறி உப்பிப்போகிறது. பெட்ரோல் ஹோஸை எத்தனாலைத் தாங்கும் வைட்டான் என்ற ரப்பர் ரகத்துக்கு மாற்றிவிட்டேன். விலை கூடத்தான், ஆனால் இரண்டு வருஷமாக ஒரு கசிவும் இல்லை. என்ஜின் பக்கத்தில் பெட்ரோல் சொட்டும் அபாயத்தை நினைத்தால் அந்த விலை பெரிதே இல்லை.

இரும்பு விஷயம் நேர் எதிர். இங்கே பழசுதான் ராஜா. எழும்பூருக்குப் பக்கத்தில் கூவம் கரையோரம் இருக்கும் புதுப்பேட்டையில் நான் கழித்த சனிக்கிழமைகளுக்குக் கணக்கே இல்லை. அங்கே யாரும் பத்மினி என்று சொல்ல மாட்டார்கள், வண்டியின் பழைய பெயரான பியட்தான். "பாய், பியட் பின் வீல் சிலிண்டர் இருக்கா?" என்று கேட்டால் இரண்டு எடுத்து வைப்பார். ஒன்று பளபளவென்று புதுசு, லோக்கல். இன்னொன்று கிரீஸும் மண்ணும் அப்பிய பழசு. முதல் தடவை புதுசைத்தான் கையில் எடுத்தேன். பாய் பழசைத் துணியால் துடைத்து, உள்ளே சுண்டு விரலை விட்டுச் சுற்றி, "தம்பி, ரெண்டுலயும் விரல விட்டுப் பாருங்க" என்றார். புதுசின் உள்சுவரில் கடைசலின் வரி விரலில் தட்டியது, காற்றை வெளியேற்றும் பிளீடர் துளை ஓரத்தில் பிசிறு இருந்தது. அதில் போடுகிற கப் எத்தனை நாள் தாங்கும்? பழசின் உலோகம் அடர்த்தியாக, வழவழவென்று இருந்தது, ஒரே ஒரு இடத்தில் மட்டும் துருக்குழி. அதை லேத்தில் கொடுத்து உள்ளே ஸ்லீவ் (புது உலோக உறை) போட்டு வாங்கினேன். எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் அதேதான் ஓடுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், தேய்ந்துபோன பாகத்தைத் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். மெக்கானிக் கழற்றியதும் காயலான்காரரிடம் போய்விடும், நாம் பக்கத்தில் நின்று கேட்டு வாங்க வேண்டும். நம் வண்டியிலிருந்து வந்த பீஸ்தான் சரியான அளவுக்கு ஒரே சாட்சி. அளவெடுக்கும் வெர்னியரும் அந்தப் பழைய பீஸும் பையில் இல்லாமல் நான் கடைக்குப் போவதில்லை.

பேரிங், ஆயில் சீல் இரண்டுக்கும் கார் பெயரையே சொல்ல வேண்டாம். பேரிங்கின் மேல் எண் இருக்கும். 6203 என்றால் யார் செய்தாலும் உள்ளளவு 17 மில்லிமீட்டர், வெளியளவு 40, அகலம் 12. சீலிலும் இதே வரிசையில் மூன்று அளவும் பொறித்திருக்கும். பியட் பேரிங் என்று கேட்டால் இல்லை என்பார்கள், எண்ணைச் சொன்னால் பேரிங் கடையில் நல்ல கம்பெனி பீஸாகவே எடுத்துக் கொடுப்பார்கள்.

இக்னிஷனில் பிளாட்டினம் பாயின்டோடு வரும் சின்ன கண்டென்சர் என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரே வருஷத்தில் மூன்று மாற்றினேன். வண்டி சூடானதும் நின்றுவிடும், அரை மணி நேரம் ஆறினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பெட்ரோல் பம்ப்தான் என்று நினைத்து அதன் மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டே அலைந்தேன். இப்போது நான் செய்வது இதுதான்: புதிதாக வாங்கிய கண்டென்சரை ஒரு வாரம் மாட்டி நன்றாக ஓட்டிப் பார்ப்பேன். தாங்கினால் அதைக் கழற்றி உபரியாக டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் பழையதையே திரும்ப மாட்டுவேன். சோதிக்காத உபரி, உபரியே இல்லை.

2019-ல் என்ஜினைப் பிரித்தோம். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 68 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 75, மொத்தம் 1089 சிசி. எங்கள் மெக்கானிக் அண்ணன் ஒரே ஒரு கட்டளைதான் போட்டார்: "பிஸ்டன் கைக்கு வராம பிளாக்கை லேத்துக்கு அனுப்பாத." முதலில் தேய்ந்த போரை அளந்து, எந்த ஓவர்சைஸ் (ஒரிஜினலை விடச் சற்றுப் பெரிய) பிஸ்டன் வேண்டும் என்று பார்த்தோம். நாலு பிஸ்டனும் ரிங்கும் ஒரே செட்டாகக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது, அதுவரை வண்டி செங்கல் மேல் நின்றது. அப்புறம் அந்த பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டு போர் அடித்தார்கள், அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கினார்கள். அவசரப்பட்டு முதலில் போர் அடித்திருந்தால், அந்த சைஸில் பிஸ்டன் கிடைக்காமல் பிளாக்கே வீணாகியிருக்கும். ஒரு விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம்: பிஸ்டன் என்றால் செம்பியம் பக்கம், எலெக்ட்ரிக்கல், பிரேக் என்றால் பாடி பக்கம் என்று அந்தத் தொழிற்சாலைகள் சென்னையிலேயே இருந்தன. அதனால் இந்த ஊர்ப் பழைய கடைகளின் பரண்களில் இன்னும் ஏதாவது அகப்படுகிறது.

கியர்பாக்ஸ் கதை கஷ்டம். மும்பை டாக்ஸிகள்தான் இத்தனை நாளும் எங்களுக்கு ஊற்று. வண்டியை உடைக்கும்போது கியர்பாக்ஸ் முழுசாகக் கிடைக்கும். 2023 அக்டோபரோடு கடைசி பத்மினி டாக்ஸிக்கும் இருபது வருஷ வரம்பு முடிந்து சாலையிலிருந்து இறங்கிவிட்டது, இனி புது வரத்து கிடையாது. முதல் கியருக்கு சின்க்ரோவே (கியர் சத்தமில்லாமல் விழ உதவும் அமைப்பு) இல்லை, அது பழகிவிடும். ஆனால் என் வண்டியில் இப்போது மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாலும் கரகரக்கிறது. அந்த சின்க்ரோ ரிங் இரண்டு தேவை. தேய்மானம் குறைவாக இருந்தால் ஓடிய பீஸ் ஆனாலும் வாங்கிக்கொள்கிறேன். அளந்து பார்க்க என் பழைய ரிங்கோடு எந்த ஊருக்கும் வரத் தயார்.